முள்ளங்கிக்கும் ‘ரேடிக்கலு’க்கும் ஒரே வேர்! தெரியுமா?

தீவிர அரசியல் பக்கம் சாய்ந்துவிட்டவரை ‘ரேடிக்கலைஸ் ஆகிவிட்டார்’ என்கிறார்களே, அந்தச் சொல் எங்கே பிறந்தது தெரியுமா? மண்ணுக்கடியில்! லத்தீனில் ‘ராடிக்ஸ்’ என்றால் வேர். முள்ளங்கியின் ஆங்கிலப் பெயரான ‘ராடிஷ்’ முளைத்ததும் அதிலிருந்துதான்!

வர்க்கமூலத்துக்குப் போடும் √ குறிக்கும் ஆங்கிலத்தில் ‘ரேடிக்கல்’ என்றே பெயர்! அந்தக் குறி 1525-லேயே அச்சேறிவிட்டது!

அரசியலுக்குள் நுழைந்த கதை தெரியுமா? 1797-ல் பிரிட்டனின் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ், தேர்தல் முறையை வேரோடு சீர்திருத்தக் கோரினார். பிறகு அப்படிக் கேட்டவர்கள் எல்லோரும் ‘ரேடிக்கல்கள்’ ஆனார்கள்!

1819 ஆகஸ்ட் 16. மான்செஸ்டரில் சுமார் 60,000 பேர் திரண்டார்கள். கேட்டது என்ன? ஓட்டுரிமை! கிடைத்தது? குதிரைப்படையின் வாள்வெட்டு! குறைந்தது 15 பேர் பலி, நூற்றுக்கணக்கானோர் காயம். அன்று பேச வந்த ஹென்றி ஹன்ட் எப்போதும் வெள்ளைத் தொப்பி அணிவார். அந்தத் தொப்பியே ரேடிக்கல்களின் அடையாளமாகிவிட்டது! வெறும் தொப்பி!

1838-ல் பிரிட்டனில் ஓட்டுரிமை கேட்ட ‘சார்ட்டிஸ்டுகள்’ என்ற இயக்கத்தினர் 6 கோரிக்கை வைத்தார்கள். ரகசிய வாக்குப்பதிவு, எம்.பி.க்களுக்குச் சம்பளம்... எல்லாமே அன்று அதிதீவிரம்! பின்னாளில் 5 நிறைவேறிவிட்டன! ஆண்டுதோறும் தேர்தல் என்ற ஒன்றுதான் பாக்கி!

டென்மார்க்கில் 1905-ல் தொடங்கிய ஒரு கட்சியின் பெயருக்குப் பொருளே ‘தீவிர இடது’. இன்று அது நிற்கும் இடம்? நடுவில்!

2005 லண்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகு ‘ரேடிக்கலைசேஷன்’ அரசு அறிக்கைகளில் நிரந்தரமாகக் குடியேறியது. கூடவே இலக்கணமும் மாறியதைக் கவனித்தீர்களா? அன்று ‘நான் ரேடிக்கல்’ என்று மார்தட்டினார்கள். இன்றோ ‘அவர் ரேடிக்கலைஸ் செய்யப்பட்டார்’ என்று செயப்பாட்டுவினை! செய்வது யாரோ, ஆவது இன்னொருவர்!

நம் ‘தீவிரவாதி’ மட்டும் சும்மாவா? 1907 சூரத் காங்கிரசில் மிதவாதிகளும் தீவிரவாதிகளும் மோதியதில் மேடைக்குச் செருப்பே பறந்தது! தீவிரவாதிகள் பக்கம் யார் யார் தெரியுமா? திலகர், பாரதியார், வ.உ.சி.! தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சுதேசிக் கப்பல் விட்ட அதே வ.உ.சி.! மறு ஆண்டே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்தது, ஆனால் முதலில் விதித்தது எத்தனை ஆண்டு தெரியுமா? 40!