சேஸிஸ் கணக்கு எங்கே பிசகுகிறது?

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வரும் மாணவர் கார்களில் பலவற்றின் சேஸிஸ் எஃகுக் குழாயால் ஆனது. ஏறக்குறைய ஓர் அங்குல விட்டமுள்ள குழாய்களை வளைத்தும் வெட்டியும் முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்த சட்டகம் அது. வெல்டிங்குக்கு முன்பே அது எவ்வளவு முறுகும், எங்கே அழுத்தம் ஏறும் என்று கணினியில் பார்த்துவிட உதவுவது ஃபைனைட் எலிமென்ட் முறை. குழாய்களைச் சிறு எலிமென்ட்டுகளாகப் பிரித்து, அவை சந்திக்கும் நோடுகளில் விசைக்கும் நகர்வுக்குமான சமன்பாடுகளை எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்ப்பார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ரே கிளஃப் 1960-இல் எழுதிய கட்டுரையில்தான் முறைக்கு இந்தப் பெயர் வந்தது.

மென்பொருள் நாம் கொடுத்த மாதிரியைத் தீர்க்கும். அந்த மாதிரி நம் கார்தானா என்று அதற்குத் தெரியாது. தவறான மாதிரிக்கும் நீலம் முதல் சிவப்பு வரை அழகான படம் வந்துவிடும். சேஸிஸ் கணக்கில் கோளாறு பெரும்பாலும் ஒளிந்திருப்பது இரண்டு இடங்களில்: குழாய்கள் சேரும் இணைப்புகளில், அல்லது சட்டகத்தை நாம் பிடித்துவைக்கும் விதத்தில். ஆகவே அழுத்தப் படத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் கேட்க வேண்டியவை வேறு.

கணக்கு நடுவில் நின்றுவிட்டாலோ, நகர்வு கிலோமீட்டர் கணக்கில் வந்தாலோ, மாதிரியில் ஏதோ ஒன்று பிடிப்பில்லாமல் மிதக்கிறது என்று பொருள். இந்த இடத்தில் பலர், மிதக்கும் பகுதியை மென்மையான ஸ்பிரிங்கால் கட்டிவைக்கும் ‘வீக் ஸ்பிரிங்’ வசதியைப் போட்டு மென்பொருளின் எச்சரிக்கையை அடக்கிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். எச்சரிக்கைதான் போகும், கோளாறு அப்படியே இருக்கும்.

அதற்குப் பதிலாக எல்லாப் பிடிப்புகளையும் சுமைகளையும் நீக்கிவிட்டு சட்டகத்தின் இயல்பு அதிர்வெண்களைக் கண்டுபிடிக்கும் மோடல் அனாலிசிஸ் ஒன்றை ஓட்டுங்கள். வெட்டவெளியில் விட்ட பொருள் ஆறு விதமாக அசையலாம்: மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் சுழலலாம். எனவே முதல் ஆறு அதிர்வெண்களும் சுழியை ஒட்டி வரவேண்டும். ஏழாவதும் சுழியாக வந்தால் அதை அசைவுப் படமாக ஓடவிடுங்கள். மொத்தச் சட்டகமும் அசையாமல் நிற்க, ஒரே ஒரு குழாய் தன்பாட்டுக்கு விலகிப் போவது தெரியும். குழாய்களைக் கோடுகளாக வரைந்த கேட் (CAD) வரைபடத்தில் அந்தக் குழாயின் முனைக் கோடு பக்கத்துக் கோட்டைத் தொடாமல் அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றிருக்கும். அல்லது தொட்டிருந்தும் இரண்டு கோடுகளும் ஒரே நோடைப் பகிர்ந்துகொண்டிருக்காது. ஆன்சிஸ் மென்பொருளைப் பயன்படுத்துவோர், தொடும் கோடுகளுக்குப் பொது நோடு தரும் ‘ஷேர் டோபாலஜி’யைப் போட மறந்தால் நடப்பது இதுதான்.

இதைவிட ஆபத்தானது, குழாயின் ஒரு முனை ஒட்டியிருந்து மறுமுனை மட்டும் விட்டுப்போவது. அப்போது எச்சரிக்கை எதுவும் வராது, கணக்கும் ஒழுங்காக முடியும். அந்தக் குழாய் வெறும் எடையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். மோடல் ஓட்டத்தில் மட்டும் அந்த ஒற்றைக் குழாய் தனியாக ஆடுவது தெரியும். சில நிமிட வேலைதான். சேஸிஸ் மாதிரிக்கு இதைவிடப் பயனுள்ள சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

எலிமென்ட் தேர்விலும் இப்படி ஒரு பொறி உண்டு. டிரஸ் எலிமென்ட் இழுவிசையையும் அமுக்கவிசையையும் மட்டுமே தாங்கும். அதன் முனைகள் கீல் போலத் திரும்பும். மூலைக்கு ஓர் ஆணி மட்டும் அடித்த மரச்சட்டம் கோணிக்கொள்வதைப் போல, குறுக்குக் குழாய் இல்லாத நாற்கரம் டிரஸ் மாதிரியில் சாய்ந்துவிடும். ஓட்டுநர் உட்காரும் திறப்பு அப்படிப்பட்ட இடம். பற்றவைத்த குழாய்க்குப் பொருத்தமானது வளைவையும் முறுக்கையும் தாங்கும் பீம் எலிமென்ட்.

குழாய்களைத் திடப்பொருளாக வரைந்து மெஷ் செய்தால், அதாவது எலிமென்ட்டுகளாகப் பிரித்தால், இன்னும் துல்லியமாக இருக்குமே என்று தோன்றலாம். ஆனால் பக்கவாட்டுக் குழாய்களில் பரவலாகப் பயன்படும் சுவர்த் தடிமன் 1.65 மி.மீ. அந்தத் தடிமனுக்குள் இரண்டு அடுக்கு எலிமென்ட் வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் 0.8 மி.மீ. அளவே இருக்க வேண்டும். முழுச் சட்டகத்துக்கும் கோடிக்கணக்கில் எலிமென்ட் ஆகிவிடும். கணினி தாங்காது என்று பெரிய எலிமென்ட் போட்டால், அதிலும் நான்கு நோடு டெட்ராஹெட்ரன் போட்டால், வளைவில் அது உண்மையைவிட விறைப்பாக நடந்துகொள்ளும். பீம் மாதிரியில் சில ஆயிரம் எலிமென்ட்டுகளில் வேலை முடியும். சந்தேகமான ஓர் இணைப்பை மட்டும், மெல்லிய சுவருக்கு ஏற்ற ஷெல் எலிமென்ட்டில் தனியாக ஆராயலாம்.

அலகுப் பிழையைப் பிடிக்க ஈர்ப்புவிசையை மட்டும் கொடுத்து ஓட்டினால் போதும். 30 கிலோ சட்டகத்துக்குத் தாங்கிகளில் வரும் எதிர்விசைகளின் கூட்டுத்தொகை 294 நியூட்டன் அளவில் இருக்க வேண்டும். மில்லிமீட்டர், நியூட்டன், மெகாபாஸ்கல் முறையில் எஃகின் அடர்த்தி கன மில்லிமீட்டருக்கு 7.85 × 10⁻⁹ டன். அங்கே கிலோ, மீட்டர் முறையின் 7850-ஐப் போட்டவரை இந்தக் கூட்டுத்தொகையே காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று: சாதாரண எஃகை குரோமோலி என்னும் கலப்பு எஃகாக மாற்றியதும் விறைப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடினால் உள்ளீட்டில் தவறு இருக்கிறது. குரோமோலியின் வலிமைதான் அதிகம். இரண்டின் மீள்தன்மைக் குணகமும் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல்தான்.

இனி பிடிப்பு. ரேஸ் சேஸிஸின் முக்கியமான எண் முறுக்கு விறைப்பு, அதாவது ஒரு டிகிரி முறுக்க எத்தனை நியூட்டன் மீட்டர் வேண்டும் என்பது. பின்சக்கர அச்சைப் பிடித்துக்கொண்டு முன்சக்கரங்களில் ஒன்றை மேலும் மற்றதைக் கீழுமாகத் தள்ளி அதைக் கணக்கிடுகிறார்கள். சஸ்பென்ஷன் வழியாகச் சோதித்தால் ஸ்பிரிங்குக்குப் பதிலாக விறைப்பான தண்டு வைக்க வேண்டும். பின்னால் சஸ்பென்ஷன் பொருந்தும் எல்லாப் புள்ளிகளையும் ‘ஃபிக்ஸ்டு’ என்று இறுக்கிவிட்டால், சட்டகத்தின் பின்முகம் நெளியவே முடியாது. உண்மையில் இல்லாத விறைப்பு கணக்கில் சேர்ந்துவிடும். மாறாக, இரண்டு பின் ஹப்புகளை மட்டும் நகராமல் பிடித்தால், அவற்றை இணைக்கும் கோட்டைச் சுற்றிக் கார் முழுதும் மேலும் கீழும் சுழலலாம்; கணக்கு நின்றுபோகும். முன்பக்கத்தின் நட்டநடுவில், மேல்கீழ் அசைவை மட்டும் தடுக்கும் ஒரு தாங்கி கொடுங்கள். பட்டறையில் செய்யும் சோதனையிலும் அதே இடத்தில்தான் கத்திமுனைத் தாங்கி வைப்பார்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். முன்சக்கரங்களின் இடைவெளி 1200 மி.மீ. இடப்பக்கம் 1000 நியூட்டன் மேலே, வலப்பக்கம் 1000 நியூட்டன் கீழே. முறுக்கம் 1200 நியூட்டன் மீட்டர். இரு பக்கமும் 5 மி.மீ. நகர்ந்தால் மொத்த வேறுபாடு 10 மி.மீ.; கோணம் 10/1200 ரேடியன், அதாவது 0.48 டிகிரி. விறைப்பு டிகிரிக்குச் சுமார் 2500 நியூட்டன் மீட்டர். ஒரு பக்க நகர்வை மட்டும் எடுத்து முழு அகலத்தால் வகுத்தவருக்கு அதே சேஸிஸ் 5000 காட்டும்.

சஸ்பென்ஷன் கைகளின் முனைகளில் இருப்பவை பந்து மூட்டுகள். மாதிரியில் அவற்றைப் பற்றவைத்தது போல விட்டால் அவையும் வளைவைத் தாங்கி விறைப்பைக் கூட்டும். ஆகவே முனைச் சுழற்சியை விடுவிக்க வேண்டும். ஆனால் தனித் தண்டின் இரு முனைகளிலும் மூன்று சுழற்சிகளையும் விடுவித்தால் அது தன் அச்சிலேயே சுழலத் தொடங்கும், பழைய எச்சரிக்கை திரும்ப வரும். ஒரு முனையில் அந்த அச்சுச் சுழற்சியை மட்டும் பிடித்துவைத்தால் தீரும்.

இவ்வளவும் சரியான பிறகுதான் அழுத்தப் படம். திட அல்லது ஷெல் மாதிரியில் கூர்மையான உள்மூலையிலோ, ஒற்றை நோடில் சுமை கொடுத்த இடத்திலோ சிவப்புப் புள்ளி தெரிந்தால், அங்கே மெஷ்ஷை இரண்டு மூன்று முறை நுணுக்கிப் பாருங்கள். மதிப்பு ஓர் எல்லையில் நின்றால் அது உண்மையான அழுத்தம். நுணுக்க நுணுக்க ஏறிக்கொண்டே போனால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. சற்றுத் தள்ளி உள்ள மதிப்பைப் படிக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: நீளமான மெல்லிய குழாய் அமுக்கத்தில் வளைந்து நொடிந்துபோகுமா என்பதை இந்தப் படம் சொல்லவே சொல்லாது. பக்ளிங் கணக்கைத் தனியாக ஓட்ட வேண்டும்.

சட்டகத்தைப் பற்றவைத்து, பட்டறையில் டயல் கேஜ் வைத்து முறுக்கிப் பார்க்கும்போது பெரும்பாலும் விறைப்பு கணக்கைவிடக் குறைவாகவே வரும். பீம் மாதிரி இணைப்புகளைக் கொஞ்சமும் நெகிழாதவை என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் மெல்லிய குழாய்ச்சுவர் அங்கே சற்று நசுங்கும்; போல்ட்டுகளிலும் பந்து மூட்டுகளிலும் சிறு ஆட்டம் இருக்கும். ஆட்டத்தைப் பிரித்தறிய, சுமையைப் படிப்படியாக ஏற்றி இறக்கி, தொடக்க அளவுகளை விட்டுவிட்டுக் கோட்டின் சாய்வை எடுங்கள். கேஜ்களை முன்னால் மட்டும் வைக்காமல் சட்டகத்தின் நீளம் நெடுகிலும் வைத்து, ஒவ்வோர் இடத்தின் முறுக்குக் கோணத்தையும் மாதிரியின் வரைகோட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டு கோடுகளும் சீராக விலகினால் காரணம் எல்லா இணைப்புகளுக்கும் பொதுவானது. ஓரிடத்தில் மட்டும் சட்டென்று பிரிந்தால் அங்கே அளவுகோலோடு போய்ப் பாருங்கள்: மாதிரியில் ஒரே நோடில் சேரும் குழாய், சட்டகத்தில் இருபது மில்லிமீட்டர் தள்ளிப் பற்றவைக்கப்பட்டிருக்கலாம்.