முதலில் கணக்கு, பிறகு பூச்சி

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் மாலை வண்டிக்குக் காத்திருக்கும்போது, டியூப்லைட்டைச் சுற்றி வந்து நோட்டின் மேல் விழும் விட்டில் பூச்சியைத் தட்டிவிடாதவர் நம்மில் யார்? அந்தக் கூட்டத்துப் பூச்சி ஒன்று உலகத்திலேயே மடகாஸ்கர் தீவில் மட்டும்தான் இருக்கிறது. அது பிடிபடுவதற்குப் பல வருஷம் முன்னாடியே அதன் நாக்கு எவ்வளவு நீளம் என்று ஒருவர் சொல்லிவிட்டார்.

சொன்னவர் சார்லஸ் டார்வின். 1862-இல் மடகாஸ்கரைச் சேர்ந்த ஒரு வெள்ளை ஆர்க்கிட் பூ அவர் கைக்கு வந்தது. பூவுக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு குழல், நீளம் பதினொன்றரை அங்குலம். நம்ம டிராயிங் ஹால் ஸ்கேல் 30 செ.மீ. என்றால், இது 29 செ.மீ.! தேன் இருப்பதோ அடியில் ஒன்றரை அங்குலத்தில்தான். சரி, இதை யார் குடிப்பது? 10, 11 அங்குலம் நீளும் உறிஞ்சுகுழல் உள்ள விட்டில் ஒன்று அங்கே இருந்தே ஆகவேண்டும் என்றார் டார்வின்.

இதை எங்க அம்மாவிடம் சொன்னேன். "பார்க்காத பூச்சிக்கு நாக்கு அளந்தாராக்கும்!" என்று சிரித்தார்கள். அந்தக் காலத்துப் பூச்சி நிபுணர்கள் சிலரும் இப்படித்தான் கேலி செய்தார்கள்.

ஆனால் டார்வினின் தர்க்கத்தைப் பாருங்கள். கடைசிச் சொட்டுத் தேனுக்காகப் பூச்சி தன் தலையைப் பூவுக்குள் அழுத்தினால்தான் மகரந்தம் அதன் மேல் ஒட்டும். நாக்கு தாராளமாக நீண்டிருந்தால் அழுத்தவே வேண்டாம், மகரந்தமும் ஒட்டாது. அதனால் குழல் நீண்ட பூக்களே அதிகம் விதை வைக்கும். குழல் நீண்டால் நாக்கு குட்டையான பூச்சிக்குத் தேன் எட்டாது. இப்படித் தலைமுறை தலைமுறையாக ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே போய்விட்டன.

1867-இல் வாலஸ் என்பவர் மியூசியத்தில் இருந்த ஆப்பிரிக்க விட்டில் ஒன்றின் நாக்கை அளந்தார். ஏழரை அங்குலம். இன்னும் இரண்டு மூன்று அங்குலம் கூடினால் போதுமே! கணக்குப் போட்டு 1846-இல் நெப்டியூனைக் கண்டுபிடித்தது போல, மடகாஸ்கரில் நம்பிக்கையோடு தேடலாம் என்று எழுதினார்.

1903-இல் ராத்ஸ்சைல்டும் ஜோர்டானும் அந்தப் பூச்சியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார்கள். கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருட்டி வைத்த நாக்கு! 'முன்னறிவிக்கப்பட்டது' என்ற பொருளில் 'பிரெடிக்டா' என்று பெயர் வைத்தார்கள். பாவம், டார்வின் 1882-இலேயே காலமாகிவிட்டார்.

அதோடு வழக்கு முடியவில்லை. ஆப்பிரிக்க விட்டிலின் கிளையினம் என்றே இதை வைத்திருந்தார்கள். 2021-இல்தான் 'சாந்தோபான் பிரெடிக்டா' தனி இனம் என்று பிரித்தார்கள். அப்போது அளந்ததில் ஒன்றின் நாக்கு 28.5 செ.மீ.!

மடகாஸ்கரில் காடு அழிந்துகொண்டே வருகிறது. பூ போனால் இவ்வளவு நீள நாக்குக்கு வேலை இல்லை. பூச்சி போனால் பூவுக்கு விதை இல்லை.

நம்ம ஊர் மரமல்லியைக் கவனித்திருக்கிறீர்களா? அதுவும் வெள்ளை, ராத்திரியில்தான் வாசனை, குழலும் நீளம். எங்கள் தெரு மரத்தடியில் ஒரு பூவை எடுத்து ஸ்கேல் வைத்தேன். 6 செ.மீ. இருந்தது.