மோரீஷஸ் தீவின் கிளியும் காடும்

மோரீஷஸ் தீவைப் பற்றி நம் ஜனங்களுக்குத் தெரிந்தவை இரண்டே விஷயங்கள். ஒன்று கரும்பு, மற்றொன்று கூலி. 1834-ஆம் ஆண்டு முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து அத்தீவுக்குக் கப்பலேறியவர்களில் சென்னை ராஜதானித் தமிழர் பல்லாயிரவர். அவர்களுடைய சந்ததியார் இன்று அந்நாட்டின் குடிகள். அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழெழுத்து அச்சிடப்பட்டிருப்பதைச் சொல்லி நாம் மகிழ்வதும் உண்டு. ஆனால் கரும்பு நிற்கும் அந்த மண்ணில் அதற்கு முன் நின்றது என்ன என்று கேட்பவர் மிகச் சிலர். அங்கே நின்றது காடு. உலகில் வேறெங்கும் காணக்கிடையாத மரங்களும் பக்ஷிகளும் வாழ்ந்த காடு. அதில் நல்ல நிலையில் இன்று எஞ்சியிருப்பது தீவின் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கிற்கும் குறைவே.

1598-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் அங்கே இறங்கினர். பின்னர் குடியேறிக் கருங்காலி மரங்களை வெட்டிக் கப்பலேற்றினர். அவர்கள் வந்து நூறு ஆண்டு நிறைவதற்குள் பறக்கமாட்டாத டோடோ என்னும் பெரும் பக்ஷி பூமியிலிருந்து மறைந்தது. அவர்களுக்குப் பின் பிரெஞ்சுக்காரர் வந்தனர். 1810-ல் தீவைப் பிடித்த ஆங்கிலேயர் காலத்தில் கரும்புத் தோட்டங்கள் காட்டை விழுங்கின. கோடரி பிடித்த கைகளில் நம் கூலிகளின் கைகளும் இருந்தன. வெட்டச் சொன்ன வாய் வேறு, லாபம் போய்ச் சேர்ந்த பெட்டியும் வேறு.

இவ்வளவையும் அந்நியர் தலையில் சுமத்திவிட்டு நாம் ஓய்ந்திருக்கலாம் என்று நினைத்தால் அது உண்மைக்கு மாறாகும். மோரீஷஸ் 1968-ஆம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி சுதந்திரம் பெற்றது. 1970-களின் தொடக்கத்தில், அதாவது சுயராஜ்யம் வந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே, மேட்டு நிலத்தில் மிஞ்சியிருந்த காட்டிலும் புதரிலும் பெரும்பகுதி பைன் முதலிய மரங்களை நடுவதற்காக அழிக்கப்பட்டது. அது அத்தீவின் கிளிகள் இரை தேடிய நிலம்.

அந்தக் கிளி நம்மூர்ப் பச்சைக்கிளிக்கு நெருங்கிய உறவு. உடல் சற்றுப் பருத்தது, வால் குட்டை, பச்சை நிறம் அடர்ந்தது. ஆணின் மேல் அலகு சிவப்பு, பெண்ணின் அலகு கறுப்பு. ஆங்கிலத்தில் அதனை எக்கோ என்கிறார்கள். மோரீஷஸ், ரியூனியன், ரோட்ரிக்ஸ் ஆகிய மூன்று தீவுகளிலும் முன்னாளில் பலவகைச் சுதேசக் கிளிகள் இருந்தன. எஞ்சியது இது ஒன்றே. 1980-களில் இக்கிளிகளை எண்ணிப் பார்த்தபோது கணக்கில் அகப்பட்டவை ஏறத்தாழப் பத்து. பத்தாயிரமோ ஆயிரமோ அல்ல, இரு கை விரல்களில் அடங்கும் பத்து.

இதன் பகைவர் பலர். கப்பலில் வந்த எலி முட்டையையும் குஞ்சையும் தின்னும். ஜாவாவிலிருந்து வந்த குரங்கு கூட்டைச் சூறையாடும். ஒருவகை ஈயின் புழுக்கள் கூட்டுக்குள் தங்கிக் குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சிக் கொன்றுவிடும். இவற்றோடு, பழைய மரங்களின் பொந்துகளைக் கைப்பற்றிக்கொள்ளும் போட்டிக்காரர் இருவர். ஒருவர், வெட்டுக்கிளியை ஒழிப்பதற்கென்று 18-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்ட மைனா. மற்றவர் நமது பச்சைக்கிளியேதான். கூண்டிலிருந்து வெளியேறி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே பரவத் தொடங்கி, இன்று உள்நாட்டுக் கிளியைவிடப் பன்மடங்கு பெருகி நிற்கிறது. இதில் பச்சைக்கிளியின் குற்றம் ஒன்றுமில்லை. அதைக் கடல் கடத்தியவர் மனிதர்.

1979-ல் வேல்ஸ் தேசத்தவரான கார்ல் ஜோன்ஸ் என்னும் இளைஞர் மோரீஷஸுக்கு வந்தார். 1984-ல் மோரீஷஸ் வனஜீவி ஸ்தாபனம் தோன்றியது. அந்நாட்டு சர்க்காரின் தேசீயப் பூங்கா இலாகாவும், ஜெர்ஸி தீவிலுள்ள டரல் நிதியும் அதனுடன் கைகோத்தன. 1994-ல் கறுப்பாற்றுப் பள்ளத்தாக்குகள் தேசீயப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டன. இவையெல்லாம் பத்திரிகைகளில் வரக்கூடிய செய்திகள். காரியம் நடந்தது இவற்றால் மட்டுமன்று என்பதையே நாம் வற்புறுத்த விரும்புகிறோம்.

உண்மையான வேலை வெகு சாமானியமானது, சலிப்புத் தருவதுங்கூட. இனப்பெருக்க காலம் வந்ததும் பணியாளர் விடியுமுன் காட்டுக்குள் சென்று மரத்தடியில் உட்கார வேண்டும். எந்த ஜோடி எந்தப் பொந்தில் நுழைகிறது, எத்தனை முறை இரை கொண்டுவருகிறது என்று மணிக்கணக்கில் குறிக்க வேண்டும். கயிறு கட்டி உயர ஏறிப் பொந்துக்குள் முட்டைகளை எண்ண வேண்டும். குஞ்சுகளை எடுத்து நிறுக்க வேண்டும். ஒவ்வொரு குஞ்சின் காலிலும் வர்ண வளையம் பூட்டப்படும். அவ்வளையத்தைக் கொண்டு, இன்ன கிளி இன்ன தாயின் பிள்ளை, இன்ன ஆண்டில் பிறந்தது என்று ஆயுள் முழுதும் சொல்லிவிடலாம்.

இப்படி எண்ணியதனால்தான் ஒரு முக்கியமான சங்கதி புலப்பட்டது. தாய்க்கிளி இரண்டு மூன்று முட்டையிட்டாலும், இரை போதாமையால் பெரும்பாலும் ஒரு குஞ்சே பிழைத்தது. ஆகவே மிகுதியான குஞ்சுகளை எடுத்து, முட்டை கெட்டுப்போன வேறு கூட்டில் வைத்தார்கள். அல்லது கையால் ஊட்டி வளர்த்துப் பின்னர் காட்டில் விட்டார்கள். பொந்துகளில் மருந்திட்டு ஈயை ஒழித்தார்கள். பழைய மரங்கள் அரிதாகிவிட்டமையால் மரப்பெட்டிகளைத் தொங்கவிட்டுக் கிளிகளைக் குடியேற்றினார்கள். காட்டில் கனியில்லாத மாதங்களுக்கென்று தீனித்தொட்டிகளையும் அமைத்தார்கள். 2005-ஐ ஒட்டி அலகையும் இறகையும் கெடுக்கும் ஒரு தொற்றுநோய் பரவி இளங்கிளிகள் பல மாண்டன. ஒவ்வொரு கிளிக்கும் கணக்கு இருந்தபடியால் நோயின் போக்கை உடனே அறிந்து, கூடுகளில் கை வைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

பத்தாக இருந்த கிளிகள் 2019-ல் எழுநூற்றைம்பதுக்கு மேலாயின. அழிவின் விளிம்பில் நிற்பது என்ற வகையிலிருந்து 2007-ல் ஒரு படியும், 2019-ல் மற்றொரு படியும் இறக்கி, உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தன் ஜாபிதாவைத் திருத்தியது. மகாநாடு கூட்டித் தீர்மானம் நிறைவேற்றுவதில் வல்லவர்களாகிய நாம், மரத்தடியில் உட்கார்ந்து எண்ணிய இம்மனிதரைச் சற்றே நினைத்துப் பார்ப்பது நலம்.

ஏழை ஜனங்கள் உள்ள நாட்டில் ஒரு கிளிக்கு இவ்வளவு செலவா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். காட்டை அழித்து நட்ட கரும்பு என்னவாயிற்று என்றும் அவர்கள் கூடவே கேட்க வேண்டும். ஐரோப்பா நெடுநாள் கொடுத்துவந்த சலுகை விலை 2009-ஆம் ஆண்டுடன் நின்றுபோயிற்று. சர்க்கரைக்கு விலை வைத்தவர் எக்காலத்திலும் அந்தத் தீவினர் அல்லர். விலை வீழ்ந்தால் தோட்டக்காரர் வேறு பயிர் வைக்கலாம், ஹோட்டல் கட்டலாம். வெட்டிய கருங்காலிக் காட்டைத் திரும்ப வாங்குவதற்குச் சந்தை எதுவும் இல்லை.

செடிகளின் கதை கிளியின் கதையைவிடக் கடுமையானது. கிளிக்குச் சிறகுண்டு, இணையைத் தேடிப் போகும். தனித்து நிற்கும் மரம் என்ன செய்யும்? கூரேப்பிப் நகரத்துத் தாவரத் தோட்டத்தில் ஒரு பனையினத்து மரம் உண்டு. அவ்வினத்தில் எஞ்சியதாக அறியப்பட்டது அந்த ஒன்றே. அதன் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே காலத்தில் மலர்வதில்லை. ஆதலால் தானே கருவுற்றுக் காய்ப்பது அரிது. சோதனைச் சாலையில் முளைக்கவைத்த கன்றுகளும் நிலைக்கவில்லை.

ரோட்ரிக்ஸ் தீவில் நடந்தது இன்னும் விசித்திரம். காபிச் செடியின் உறவான, வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு செடி அற்றுப்போயிற்று என்றே பண்டிதர்கள் முடிவு கட்டியிருந்தனர். 1980-ல் ஓர் உபாத்தியாயர் அதன் படத்தை வகுப்பில் காட்ட, ஒரு பள்ளிச் சிறுவன் தன் வீட்டருகே நின்ற செடியிலிருந்து ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்தான். அதுவே அந்தச் செடி! செய்தி பரவியதும் வந்தது வேறோர் ஆபத்து. அது நோய் தீர்க்கும் மூலிகை என்று நம்பிய ஜனங்கள் கிளைகளை வெட்டத் தொடங்கினர். வேலியிட்டார்கள், வேலி தாண்டியும் வெட்டினார்கள், மேலும் வேலியிட்டார்கள். 1986-ல் சில துண்டுகள் லண்டனிலுள்ள கியூ தோட்டத்துக்கு விமானத்தில் கொண்டுபோகப்பட்டன. அங்கே ஒன்று வேர் பிடித்துப் பூத்தது. ஆனால் பல ஆண்டுகள் விதை வைக்கவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்லோஸ் மக்தலேனா என்னும் தோட்டக்கலைஞர் பூவின் சூல்முடியைப் பக்குவமாக அறுத்து மகரந்தம் வைத்து, அதனை விதைக்கச் செய்தார். அதன் வழித்தோன்றல்கள் ரோட்ரிக்ஸ் தீவுக்குத் திரும்பி வந்தன. ஒரு காலத்தில் சாம்ராஜ்யத்தின் லாபப் பயிர்களைத் தேசந்தேசமாய்ப் பரப்பிய தோட்டம் அது. இந்தக் காரியத்தில் அதற்குரிய புகழை மறுப்பது அழகன்று.

இனி எஞ்சியிருப்பது காடு. எக்கோ கிளிக்கு மரப்பெட்டியும் தீனித்தொட்டியும் என்றைக்கும் மனிதன் வைத்துக்கொண்டிருக்க முடியாது. சுதேச மரங்களின் கனியும் பூவும் தளிரும், பொந்துள்ள முதிய மரமும் அதற்கு வேண்டும். இந்த மரங்கள் மெதுவாக வளர்பவை. அவற்றின் கன்றுகளைச் சீனக் கொய்யா மூடிவிடுகிறது. அதன் பழத்தைத் தின்னும் குரங்கும் பன்றியும் பக்ஷிகளும் விதையைக் காடெங்கும் தூவுகின்றன. ஜனங்களும் அப்பழத்தை விரும்பிப் பறிக்கிறார்கள். ஆகையால் அதைப் பகைவன் என்று சொன்னால் கேட்பவர் குறைவு.

காட்டில் சிறு சிறு பகுதிகளைத் தேர்ந்து, மானும் பன்றியும் புகாதபடி வேலியடைத்து, உள்ளே உள்ள கொய்யாவை ஆட்கள் கையாலேயே களைகிறார்கள். களைந்த இடத்தில் கருங்காலிக் கன்றுகள் தலைகாட்டுகின்றன. அவற்றின் நடுவே கொய்யாவும் மறுபடி முளைக்கிறது. முதலில் களைந்த பகுதிக்கு அவர்கள் திரும்பிப் போகவேண்டியிருக்கிறது.