மேடேறி வந்த காவிரி

ஒகேனக்கல் அருவியைக் காண்பதற்காகத் தருமபுரியிலிருந்து புறப்பட்டுப் பென்னாகரத்தைக் கடந்து செல்கிறவர்களில் பெரும்பாலோர், மலைப்பாதை வளைந்து வளைந்து கீழே இறங்குவதை ரசிப்பார்களே அன்றி, அந்த இறக்கத்தில்தான் ஒரு பிரதேசத்தின் நெடுநாள் துயரம் அடங்கியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆறு பள்ளத்தில் ஓடுகிறது; ஊர்கள் மேட்டில் இருக்கின்றன. காவிரி இந்த மாவட்டத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு மேட்டூர் அணைக்குள் புகுந்து, அங்கிருந்து ஈரோட்டையும் திருச்சியையும் தஞ்சையையும் வாழ்விக்கப் போய்விடுகிறாள். மேட்டில் குடியிருப்பவர்களுக்கோ மழை பெய்தால் ஏரி, ஏரி வற்றினால் கிணறு, கிணறும் வற்றினால் ஆழ்துளைக் குழாய் என்றே பல தலைமுறைகள் கழிந்தன.

அந்த ஆழ்துளைக் குழாயில் வந்த ஜலம் பார்வைக்குத் தெளிவாக இருந்தது, வாயில் விட்டால் குறையொன்றும் தோன்றவில்லை, வாடையும் இல்லை. ஆயினும் அதைக் குடித்து வளர்ந்த குழந்தைகளுக்குப் பால்பல் விழுந்து முளைத்த பற்களில் சுண்ணாம்புத் திட்டுகளும், பிறகு காவி நிறக் கறைகளும் படிந்தன. இருபது முப்பது ஆண்டுகள் தொடர்ந்து குடித்தவர்களில் பலருக்குக் கழுத்து திரும்பவில்லை, முழங்கால் மடங்கவில்லை, குனிந்து தரையைத் தொட முடியவில்லை. புளோரைடு என்ற உப்பு நீரில் அளவு மீறிக் கரைந்திருப்பதால் வரும் புளோரோசிஸ் என்ற வியாதி இது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பது நலம் என்றும், வேறு நீருக்கு வழியே இல்லாத இடத்தில் ஒன்றரை மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் நம் நாட்டுத் தரநிலை வரையறுத்திருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டிய நீரைக் குடித்த சிறுமிகள், பேசும்போதும் சிரிக்கும்போதும் வாயைக் கையால் மறைத்துக்கொள்ளப் பழகிப்போனதைக் கண்டவர்களுக்கு, இது பல்லோடு நின்றுவிடுகிற வியாதி அன்று என்பது விளங்கும்.

இந்த வியாதி நம் பக்கத்தில் கண்டறியப்பட்ட வரலாறும் அறியத்தக்கது. 1937-ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில் எலும்பு இறுகி முடங்கிப்போன கிராமவாசிகளைப் பரிசோதித்த வைத்திய ஆராய்ச்சியாளர்கள், கிணற்று நீரிலுள்ள புளோரைடே இதற்குக் காரணம் என்று எழுதி வெளியிட்டார்கள். அந்தக் குழுவின் தலைவராயிருந்த ஷார்ட் என்பவர் கிண்டியிலுள்ள கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது; ஆனால் பெயர் தெரிந்த நோய்க்கு மாற்று நீர் கிடைக்கப் பின்னும் பல பதிற்றாண்டுகள் ஆயின.

பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளித் திண்ணையில் ஒருநாள் முற்பகலில் நான் கண்ட காட்சியை இங்கே சொல்ல வேண்டும். நீரைப் பரிசோதிக்க வந்திருந்த இளவயதுப் பெண் ஒருத்தி, ஊரிலிருந்த நாலைந்து குழாய்களின் நீரைத் தனித்தனிக் குப்பிகளில் அளந்து ஊற்றி, ஒவ்வொன்றிலும் மருந்துத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ரோஜா நிறமாகவே நின்றால் குடிக்கலாம், மஞ்சளாகத் திரும்பினால் ஆகாது என்று முன்னதாகவே சொல்லிவைத்திருந்தாள். தெருமுனைக் கைப்பம்பின் நீர் இருந்த குப்பி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல மஞ்சளாயிற்று. பிறகு அவள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னாள். மோவாயை நெஞ்சில் பதிக்கச் சொன்னாள். இரு கைகளையும் மடக்கிப் பிடரியில் கோக்கச் சொன்னாள். பிள்ளைகள் விளையாட்டாகச் செய்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்துத் தாங்களும் செய்ய முயன்ற பெரியவர்களில் சிலர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். அப்போது திண்ணையில் உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர் கேட்டார்:

“ஏங்கண்ணு, எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து இந்த மண்ணுத் தண்ணியத்தானே குடிச்சோம்? அவங்கல்லாம் எம்பது வயசு வரைக்கும் நிமிந்து நடந்தாங்களே!”

“அவங்க குடிச்சது இந்தத் தண்ணி இல்லீங்க பாட்டி. அது மழைத்தண்ணி ஊறுன கிணறு. இது பாறைக்குள்ள ரொம்ப ஆழத்துலேர்ந்து வர்றது.”

இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை விளக்கிவிட முடியாது என்றே நினைக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி பெரும்பாலும் கருங்கல் நிலம். அந்தக் கல்லிலுள்ள அபிரகம் போன்ற கனிமங்கள் சிலவற்றில் புளோரைடு அடங்கியிருக்கிறது. மேல்மண்ணில் ஊறிய மழைநீர் கல்லோடு அதிகம் உறவாடுவதற்குள் கிணற்றுக்கு வந்துவிடும். ஆழத்திலுள்ள நீரோ பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி அந்த உப்பைக் கரைத்துக்கொள்கிறது. நீரில் சுண்ணச்சத்துக் குறைந்து, சோடா உப்பும் காரத்தன்மையும் மிகுந்திருந்தால் இந்தக் கரைதல் இன்னும் கூடுகிறது. ஆகவே வறட்சிக்கு அஞ்சி ஒவ்வோர் ஆண்டும் குழாயை ஆழமாக இறக்க இறக்க, தண்ணீரோடு வியாதியையும் சேர்த்தே மேலே இழுத்துக்கொண்டிருந்தோம். இதில் எவரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. தாகத்துக்குத் தவித்தவர்களுக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை.

இந்த உப்பைக் காய்ச்சியும் போக்க முடியாது. கிருமி உள்ள நீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். புளோரைடு விஷயத்திலோ கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகி, உப்பு தங்கி, செறிவு கூடுகிறது. படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து கலக்கித் தெளியவைத்து வடித்தெடுக்கும் முறை ஒன்றை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிலையத்தார் கண்டுபிடித்து, நல்கொண்டா ஜில்லாவின் பெயரை அதற்கு இட்டார்கள். சாஸ்திர ரீதியாக அது நல்ல முறைதான். ஆனால் விடியுமுன் எழுந்து கொல்லை வேலைக்குப் போகிற குடும்பம், ஒவ்வொரு நாளும் நீரின் குணத்துக்குத் தக்கபடி படிகாரத்தை நிறுத்துக் கலந்து, அடியில் தங்கும் வண்டலை அப்புறப்படுத்திக்கொண்டிருக்க முடியுமா? தாகத்தைத் தீர்க்கும் வழி, தாகத்தைப் போலவே எளிதாக இருந்தால்தான் நிலைக்கும். அதனால்தான் எல்லா யோசனைகளும் கடைசியில் பள்ளத்தில் ஓடும் காவிரியிடமே வந்து சேர்ந்தன.

1971-இல் தோன்றிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் வகுத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ‘புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ என்ற சொற்களும் இடம்பெற்றிருக்கின்றன. தண்ணீர் கொடுப்பதோடு நோயைத் தடுப்பதும் நோக்கம் என்று பெயரிலேயே பிரகடனம் செய்த திட்டம் இது. மத்திய நீர்வளத் துறையின் இசைவு 1998-லேயே கிடைத்திருந்தும், அடிக்கல் நாட்டப்பட்டது 2008 பிப்ரவரியில்தான். அதையொட்டி அண்டை மாநிலத்தில் எதிர்ப்புக் கிளர்ச்சியும் எழுந்தது. அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஜப்பானிய அரசு ஏறக்குறைய 2,239 கோடி யென் கடனாகத் தந்தது. மொத்தம் 1,928 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில் உருவாகி, 2013 மே மாதத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இத்திட்டம், அன்று நகராட்சிகளாயிருந்த தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகிய மூன்றுக்கும், 17 பேரூராட்சிகளுக்கும், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஊரகக் குடியிருப்புகளுக்குமாக ஏறத்தாழ முப்பது லட்சம் ஜனங்களை உத்தேசித்தது.

இவ்வளவு பெரிய காரியத்தை வாரியத்தார் எப்படித் திட்டமிடுகிறார்கள் என்று சாதாரண மனிதருக்குத் தோன்றலாம். முதற்கணக்கு ஜனத்தொகை. இன்றைய தலைகளை எண்ணினால் போதாது; வழக்கமாக முப்பது ஆண்டு கழித்து ஊர் எவ்வளவு பெருகியிருக்கும் என்று மதிப்பிட்டே பெரிய குழாயின் அளவைத் தீர்மானிப்பார்கள். ஏனெனில் புதைத்த குழாயைத் தோண்டியெடுத்து அகலப்படுத்த முடியாது. இயந்திரத்தையானால் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர், அதாவது ஏறக்குறைய மூன்று குடம் என்பது அந்நாளைய கணக்கு.

அடுத்தது உயரக் கணக்கு, இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. ஒகேனக்கல்லிலிருந்து பார்த்தால் ஓசூர் ஏறக்குறைய 600 மீட்டர் மேலே இருக்கிறது. நீரை ஒவ்வொரு பத்து மீட்டர் உயர்த்துவதற்கும், குழாயின் உட்சுவரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். அத்தனை உயரத்துக்கும் ஒரே மூச்சில் தள்ள நினைத்தால் அறுபது கிலோ அழுத்தத்தைத் தாங்கும் குழாய் வேண்டும். எங்கேனும் ஒரு மூட்டு விட்டுக்கொடுத்தால் நீர் பீரங்கிபோல் பீறிட்டுவிடும். ஆகையால் சுமை தூக்கி மலையேறுகிறவன் சுமைதாங்கிக் கல்லில் இறக்கி இறக்கி ஏறுவதைப் போல, நீரை ஒரு தொட்டி வரையில் ஏற்றி, அங்கே இளைப்பாறவிட்டு, மறுபடியும் நீரேற்று நிலையத்தால் அடுத்த தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். உயர்ந்த இடத்திலுள்ள பெருந்தொட்டியை அடைந்தபின் சரிவான திசைகளுக்கெல்லாம் நீர் தானாகவே இறங்கி, ஊர்தோறும் உள்ள தொட்டியில் நிறைகிறது. மலையேறுவதற்கு முன்பே ஆற்றங்கரையில் அதற்குப் படிகாரமிட்டு, வண்டலைத் தெளியவைத்து, மணற்படுகையில் வடித்து, குளோரின் சேர்த்துவிடுகிறார்கள்.

இங்கேதான் ஒரு விசித்திரம் நிகழ்கிறது. பல்லைக் கெடுக்கிற ஆழ்துளைக் குழாய் நீருக்கு, அதாவது பேச்சுவழக்கில் போர்த் தண்ணீருக்கு, வாடை கிடையாது. உடம்பைக் காக்கிற ஆற்று நீரில் மருந்து வாடை அடிக்கிறது. கண்ணும் மூக்கும் நாக்கும் ஒருமுகமாகத் தவறான சாட்சி சொல்லும்போது, எங்கிருந்தோ வந்த அதிகாரியின் சொல்லை ஜனங்கள் எப்படி நம்புவார்கள்? குழாய் புதைத்ததோடு வாரியத்தின் கடமை முடியவில்லை என்பதும், எடுத்துச் சொல்வது என்ற இரண்டாவது வேலை முதல் வேலைக்குச் சற்றும் இளைத்ததன்று என்பதும் என் திடமான அபிப்பிராயம். பள்ளிகளிலும் கிராமங்களிலும் சென்று விளக்குவதைத் திட்டத்தின் ஓர் அங்கமாகவே வைத்திருந்தது தக்க செயல். நீரைக் குடத்தில் பிடித்து ஓரிரவு வைத்திருந்தால் குளோரின் வாடை பெரும்பாலும் தணிந்துவிடும் என்ற ஒரு வார்த்தை, ஆயிரம் சுவரொட்டிகளைவிடப் பிரயோஜனமானது.

குடிப்பதற்கு மட்டும் ஆற்று நீர் போதும், சமையலுக்குப் போர்த் தண்ணீரை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற வீடுகளும் உண்டு. இந்தப் பக்கத்தின் அன்றாட உணவு ராகிக்களி. உலையில் கொதிக்கும் நீரை மாவு முழுக்கக் குடித்துத்தான் களி திரள்கிறது. வடிக்கக் கஞ்சிகூட மிஞ்சுவதில்லை. ஆகவே உலை நீரிலிருந்த புளோரைடு அத்தனையும் உருண்டைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சுண்ணச்சத்து மிகுந்த ராகி இந்நோய்க்கு எதிராக உடம்புக்குத் துணைசெய்யும் தானியம். அதையே கெட்ட நீரில் கிளறினால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்ததாகிறது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்குச் சில லிட்டர்களே வேண்டும். குளிக்கவும் துவைக்கவும் மாட்டைக் கழுவவும் பழைய நீரே தாராளமாகப் போதும்.

இதைவிடக் கவலை தருவது கலப்பு. கோடையில் ஆற்று நீரின் வரத்துக் குறையும்போது, ஊர்த்தொட்டி காலியாகக் கிடக்க வேண்டாமே என்ற நல்லெண்ணத்தால், அதே தொட்டிக்குள் போர்த் தண்ணீரையும் ஏற்றிவிடுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆற்று நீரில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் புளோரைடும், போர் நீரில் 3 மில்லிகிராமும் இருப்பதாக வைத்துக்கொண்டால், பாதிக்குப் பாதி கலந்த நீரில் 1.65 மில்லிகிராம் நிற்கும். பொறுக்கத்தக்க எல்லையையும் அது தாண்டிவிடுகிறது. இத்தனை கோடி செலவிட்டு மலையேற்றிக் கொண்டுவந்த காவிரி, கடைசித் தொட்டியில் தன் குணத்தை இழந்துபோவதை நினைக்கும்போது மனம் வேதனைப்படுகிறது. தொட்டிக்கு நீர் திறந்துவிடுகிறவருக்கு இந்தக் கணக்கை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது இத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பெருகிவரும் ஜனத்தொகைக்கு அது அவசியமே. அதை வகுக்கிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம் உண்டு. ஒவ்வோர் ஊரிலும் ஆற்று நீருக்கென்று ஒரு தொட்டியும், போர் நீருக்கென்று ஒரு தொட்டியும் வேறு வேறாக இருக்கட்டும். இரண்டின் குழாய்களுக்கும் வெவ்வேறு வர்ணம் பூசட்டும். அன்று அந்தத் திண்ணையில், குப்பிகளையெல்லாம் கழுவிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் அந்த மூதாட்டி கடைசியாகக் கேட்டதும் இதைத்தான்:

“நீ சொன்னதெல்லாம் வெளங்குச்சு கண்ணு. நாளைக்குக் காத்தால கொடத்தத் தூக்கிட்டு வருவேன். எந்தக் கொழாய்ல புடிக்கறது? எழுதிப் போட்டாலும் எனக்குப் படிக்கத் தெரியாதே!”