தாயின் பெட்டி

யாழ்ப்பாணத்துச் சைவ இல்லங்களில், ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை நிறைவுறும்போது, வந்தவர்களுக்கு ஒரு சிறு நூலை வழங்கும் வழக்கம் உண்டு. கல்வெட்டு என்பது அதன் பெயர். இறந்த ஆண்டும் மாதமும் திதியும் அதில் ஒரு வெண்பாவாக அமைந்திருக்கும். குலமரபு பின்வரும், மக்களின் புலம்பலும் இடம்பெறும். இறந்தவரை மறவாதிருப்பதற்கு இஃது ஏற்ற முறையே. ஆயினும், ஒரு தாய் எதை விரும்பினார், எதற்கு அஞ்சினார், எதை வாய்விட்டுச் சொல்லாமல் அடக்கிக்கொண்டார் என்பதை அந்நூல் சொல்வதில்லை. எல்லாத் தாய்மாரும் அங்கே ஒரே தாயாகிவிடுகின்றனர்.

அந்த ஒருவரை மற்றவரிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவது அவர் விட்டுச் சென்ற பெட்டி. ஆனால், பெரும்பாலும் அப்பெட்டி திறக்கப்படுவது பங்கிடுவதற்காகவே. நகை பெண்மக்களிடம் போகும். சேலை உறவினரிடம் போகும். உறுதிகளை மூத்தவர் எடுத்துக்கொள்வார். எஞ்சிய கடதாசிகள் அடுப்புக்குப் போகும். இவ்வாறு, வாசிக்கப்படாமலே ஒரு வாழ்க்கை கலைந்துவிடுகிறது. அதை எவ்வாறு வாசிப்பது என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலாவதாக, எதையும் எடுக்குமுன் இருந்தபடியே பார்த்தல் வேண்டும். பொருள்கள் அடுக்கப்பட்ட முறையும் ஒரு செய்தியே. மேலே கிடப்பவை அடிக்கடி கைபட்டவை. அடியிலே துணியில் முடிந்து வைத்தவை காக்கப்பட்டவை. ஒன்றாகக் கட்டியிருந்தவற்றைப் பிரித்துவிட்டால், அவை ஏன் ஒன்றாக இருந்தன என்ற கேள்வியே அற்றுப்போகும். ஆகவே, எது எதனோடு இருந்தது என்பதை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்வது நன்று.

இரண்டாவது, காலத்தை நிறுவுதல். சாதகத்தில் யுவ வருடம், தை மாதம் என்று இருக்கலாம். தமிழ் வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் வருவன. யுவ வருடம் 1935 ஏப்பிரிலிலும் தொடங்கியது. 1995 ஏப்பிரிலிலும் தொடங்கியது. முதலாவதைக் கொண்டால், அதன் தை மாதம் 1936 சனவரியிலேயே பிறக்கும். இதனை உறுதிப்படுத்த, 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டை உதவும். பழைய அட்டையின் இலக்கத்தில் முதலிரு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று எண்கள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கும். பெண்களுக்கு அந்நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 1936 சனவரி 20இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 36520 என்றே தொடங்கும். சாதகமும் அட்டையும் ஒவ்வாதிருந்தால், அங்கே கேட்பதற்கு ஒரு கேள்வி உண்டு.

மூன்றாவது, பத்திரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுதல். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாறும் உறுதி நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படல் வேண்டும். ஆகவே, எழுத்துப் பழக்கம் குறைந்த பெண்களின் வாழ்விலும் உறுதியில் அவர்தம் கைபட்ட அடையாளம் எஞ்சி நிற்கும்.

என் தாயாரின் பெட்டியில் ஒரே காணிக்குரிய இரண்டு உறுதிகள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. 1954இல் எழுதிய சீதன உறுதியில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. 1969இல் எழுதிய ஈட்டு உறுதியில் அவர் தமிழில் ஒப்பமிட்டிருந்தார்; எழுத்துக்கள் சற்றுக் கோணலானவை, ஆனால் பிழையற்றவை. தாயார் எழுதத் தெரியாதவராக மணம்புரிந்தவர் என்பதை மக்களாகிய நாங்கள் அறிந்ததே இல்லை. தமையனாரின் பாலர் வகுப்புக் கொப்பி ஒன்றும் அக்கட்டில் இருந்தது. அதன் கடைசிப் பக்கங்களில் வேறொரு கை தன் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகியிருந்தது.

அதே கட்டில், நீர் இறைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிய பற்றுச்சீட்டும் இருந்தது. துலா மிதித்த எங்கள் தோட்டத்துக்கு அவ்வியந்திரத்தைத் தந்தையார் வாங்கினார் என்றே கேட்டு வளர்ந்தோம். தாயாரின் சீதனக் காணி ஈடு வைக்கப்பட்ட மாதமும் இயந்திரம் வந்த மாதமும் ஒன்று. இதனால் தந்தையாரைக் குறை கூறுவதற்கில்லை. ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையின் வழியில், மணமான பெண் தன் காணியை ஈடு வைக்கக் கணவனின் சம்மதம் வேண்டும். இருவர் ஒப்பமும் அருகருகே இருந்தன. இருவர் செய்த காரியம், ஒருவர் பெயரால் வழங்கிவந்தது, அவ்வளவே.

ஆனால், தாயார் ஏன் எழுதக் கற்றார் என்பதைக் கடதாசி சொல்லாது. அதைச் சின்னம்மாவிடம் கேட்டே அறிந்தோம். சீதனம் எழுதிய அன்று, பலர் பார்த்திருக்கத் தம் விரலில் மை பூசியதை அவரால் மறக்க முடியவில்லையாம். பொருள் கேள்வியை எழுப்பும். விடை பெரும்பாலும் உயிரோடிருப்பவரின் நினைவிலேயே இருக்கும். அந்த நினைவும் நெடுங்காலம் காத்திராது.

பெட்டியே எஞ்சாத குடும்பங்கள் எம்மிடையே பல. 1995 அக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்தோரும், 2004 டிசம்பர் 26இல் கடல்கோளுக்கு வீடிழந்தோரும் கையில் எடுத்துச் சென்றது சிறிதே. அவர்களுக்கும் சில வழிகள் உண்டு. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் படி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுவது முறை. பதிவேடு அழியாதிருந்தால் அங்கே பிரதி பெறலாம். பிறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதிகளையும் கேட்டுப் பெறலாம். இன்னொன்றும் உண்டு: தாய் எழுதிய கடிதங்கள் தாயின் பெட்டியில் இருப்பதில்லை. அவை பெற்றவர் வீட்டிலேயே இருக்கும். கொழும்பிலும் கடல் கடந்தும் வாழும் உறவினரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

மறைத்து வைத்த ஒன்று கிட்டினால், அதைச் சபையில் வாசிப்பது தகாது. உடன்பிறந்தோர் மட்டும் கூடிப் பேசி, காப்பதா, அவரோடு போகவிடுவதா எனத் தீர்மானித்தல் நன்று.

தாய் உயிரோடிருக்கும் நேயர்கள் இவற்றையெல்லாம் பின்னாளுக்கென ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. ஓய்வான ஒரு பிற்பகலில் அவரருகே அமர்ந்து, பெட்டியைத் திறந்து, இது எப்போது வந்தது, இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம். பெட்டியின் திறப்பும் அதன் பொருளும் இன்று ஒருவரிடமே இருக்கின்றன.