காப்பு கட்டும் நாளில் காப்பீடும்

பூச்சாட்டு நிகழ்ந்து, கம்பம் நடப்பட்டு, காப்பும் கட்டியாகிவிட்டால் கொங்கு நாட்டு ஊர்கள் ஒரு கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுகின்றன. காப்பு அணிந்தவர் விழா நிறைவுறும் வரை வெளியூரில் இரவு தங்குவதில்லை. மணிக்கட்டில் திகழும் அந்த மஞ்சள் கயிறு அம்பிகையின் காவலுக்கு அடையாளம். 'எடுத்த காரியம் முடியும்வரை பொறுப்பை விட்டு அகலேன்' என்று அணிந்தவர் தரும் உறுதிமொழியும் அதுவே.

அந்தப் பொறுப்பு எதுவரை செல்கிறது? திருவிழாவில் ஓர் உயிருக்குத் தீங்கு நேர்ந்தால், அந்தக் குடும்பத்துக்கு விழா எடுத்தவர்கள் செய்யக் கடமைப்பட்டது என்ன? இக்கேள்வியை அமங்கலமென்று ஒதுக்குவோர் உண்டு. ஆயினும், மக்களைக் கூட்டுவோர் முதலில் எண்ண வேண்டியது இதுவே.

கோவை கோனியம்மனின் மாசித் தேர், அவிநாசியப்பரின் சித்திரைத் தேர், பண்ணாரி அம்மனின் பங்குனிக் குண்டம் போன்ற பெருவிழாக்களில் அரசுத் துறைகள் பலவும் பணியில் இருக்கின்றன. சிற்றூர்க் கோயில்களிலோ விழாக்குழுவே யாவும். தலைக்கட்டு வரி திரட்டப்படுகிறது. பந்தல், ஒலிபெருக்கி, மின்விளக்கு, மேளம், அன்னதானம் என ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதப்படுகிறது. அந்த வரவு செலவுப் பட்டியலில் காப்பீட்டுக்கென ஒரு வரி இருப்பது அரிது.

2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகேயுள்ள களிமேட்டில் அப்பர் சதய விழாவின் தேர் உலா வந்தபோது, தேரின் உச்சி உயர் அழுத்த மின்கம்பியைத் தொட்டது. சிறுவர்கள் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். மத்திய, மாநில அரசுகள் நிவாரணம் அறிவித்தன. அது அரசின் பரிவு. எல்லா விபத்துகளிலும் அது கிடைக்கும் என்று எண்ணியிருத்தல் இயலாது. காப்பீட்டுத் தொகையோ ஒப்பந்தப்படி கேட்டுப் பெறும் உரிமை.

'பந்தல் போட்டவர் வேறு, விளக்குக் கட்டியவர் வேறு, எங்களுக்கென்ன பொறுப்பு?' என்று குழுவினர் கேட்கலாம். உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் 2006 ஏப்ரலில் ஒரு பொருட்காட்சிப் பந்தல் தீப்பற்றி 65 பேர் மாண்டனர். கண்காட்சி நடத்தியவர்கள் ஒப்பந்ததாரரைக் கைகாட்டினர். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இழப்பீட்டில் 60 விழுக்காடு நடத்தியவர்களும் 40 விழுக்காடு மாநில அரசும் ஏற்க வேண்டுமென 2022இல் தீர்ப்பளித்தது. அது வணிகக் கண்காட்சிதான். எனினும் மக்களை அழைத்தவருக்கே பொறுப்பு என்னும் நெறி விழாக்குழுக்களும் மனங்கொள்ளத் தக்கது.

இதில் மும்பை வழிகாட்டுகிறது. அங்குள்ள ஜி.எஸ்.பி. சேவா மண்டல் ஆண்டுதோறும் விநாயகர் சதுர்த்திக்குக் காப்பீடு செய்கிறது. 2025இல் அதன் மொத்தம் 474.46 கோடி ரூபாய். அணிகலன்களுக்கு 67.03 கோடி, பொதுமக்களுக்கு நேரும் தீங்குக்கான பொறுப்புக் காப்பீடு 30 கோடி. அர்ச்சகர், சமையற்காரர், தொண்டர், காவலர் முதலியோரின் விபத்துக் காப்பீடோ 375 கோடி. இறைவனின் பொன்னைவிடப் பன்மடங்கு தொகை, இறைவனுக்குத் தொண்டு செய்வோரின் உயிருக்கு! நம் ஊர்க் குழு பின்பற்ற வேண்டியது இந்த முன்னுரிமையையே.

சிற்றூர் விழாவுக்கு இரண்டு காப்பீடுகள் இன்றியமையாதவை. முதலாவது பொதுப் பொறுப்புக் காப்பீடு. பந்தல் சரிந்தோ, தேர் மோதியோ அடியார்க்குத் தீங்கு நேர்ந்து, சட்டப்படி குழு இழப்பீடு தர வேண்டிவந்தால் கைகொடுப்பது இது. இரண்டாவது, தொண்டர்களுக்கான குழு விபத்துக் காப்பீடு. வடம் பிடிப்போரும் முட்டுக்கட்டை இடுவோரும் ஊதியம் பெறும் பணியாளர் அல்லர். வேலையாட்களுக்கான இழப்பீட்டுச் சட்டம் அவர்களுக்குப் பொதுவாகத் துணைவராது. பொதுப் பொறுப்புக் காப்பீட்டிலும் அவர்கள் அடங்காமல் போகலாம். ஆகவே பெயர்ப் பட்டியலுடன் அவர்களுக்குத் தனியே காப்பீடு செய்தல் நன்று.

கையொப்பமிடுமுன் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுத் தெளிய வேண்டியவை சில: குண்டம் இறங்குதல் அடங்குமா? வாணவேடிக்கை, யானை, ஜெனரேட்டர், அன்னதான உணவால் வரும் கேடு ஆகியவை அடங்குமா? ஒரு விபத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு? பந்தல் அமைக்கத் தொடங்கும் நாள் முதல் பிரிக்கும் நாள் வரை காப்பு உண்டா? விடைகளை எழுத்து வடிவில் பெறுவதே முறை.

காப்பீடு இருக்கிறதென்று கவனத்தைத் தளர்த்தலாகாது. 2016 ஏப்ரல் 10 அன்று கேரளத்தின் புற்றிங்கல் கோயிலில், அனுமதியின்றி நடந்த வாணவேடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். சட்டத்தை மீறிய இடத்தில் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும். காவல்துறை, தீயணைப்புத் துறை அனுமதிகளைப் பெறுவதும், தேர் வரும் வேளையில் மின் வாரியத்தைக் கொண்டு மின்சாரத்தை நிறுத்துவதும், தேரின் உறுதியைச் சோதிப்பதும் உயிரைக் காப்பவை. காப்பீடு அவற்றுக்குப் பின்னர்தான் வருகிறது.

பழனிக்குத் தைப்பூசப் பாதயாத்திரை செல்லும் குழுக்களும் இதை எண்ணலாம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால் போதும். 18 முதல் 70 வயது வரையிலான வங்கிக் கணக்குதாரர் சேரலாம். விபத்தில் உயிரிழந்தாலோ, முழு ஊனமுற்றாலோ 2 இலட்சம் ரூபாய் கிடைக்கும். ஜூன் முதல் மே வரை ஓராண்டுக் கணக்கு. மாலை அணியும்போதே ஒவ்வொருவரும் இதில் சேர்ந்திருக்கிறாரா என்று குருசாமி கேட்டுவிடலாம்.

இறைவன்மேல் நம்பிக்கை குறைந்தவர் செய்யும் ஏற்பாடன்று இது. கருவறைக் கதவைப் பூட்டுவதும், தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இடுவதும் நம்பிக்கையின்மையால் அல்லவே! அருள் அவனுடையது, விழிப்பு நம்முடையது.

அடுத்த பூச்சாட்டுக்கு ஊர்க்கூட்டம் கூடும்போது, வாணவேடிக்கைக்கு எவ்வளவு என்று பேசுவதற்கு முன் காப்பீட்டுக்கு எவ்வளவு என்று ஒருவர் கேட்கட்டும். வடம் பிடிக்கச் செல்லும் மகனை வழியனுப்பும் தாய்க்கு, ஊர் செய்யும் மரியாதை அதுவே.