வீடு திருத்தக் கடன் வாங்கலாமா?

கூரைச் சிலாகை உக்கி ஒழுகும் வீட்டை மாரிக்கு முன் திருத்தியே ஆகவேண்டும். பிந்தினால் சுவரும் ஊறிச் செலவு பெருகும். முன் விறாந்தைக்கு மாபிள் பதிப்பதோ அடுத்த அறுவடை வரை பொறுக்கும். கடனைப் பற்றி யோசிக்குமுன் நாம் இவ்விரண்டையும் வேறுபிரித்துக் கொள்ளுதல் அவசியமாகும்.

மாடு வாங்கப் பெற்ற கடனைப் பால் அடைக்கும். திருத்திய வீடு பணம் தராது. தவணைப் பணம் இப்போதுள்ள வருமானத்திலிருந்தே வரவேண்டும்.

வட்டி எத்தனை வீதம் என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தத் தொகைக்கு வட்டி என்றும் கேட்போம். ஒரு இலட்சம் ரூபாவை 15 வீத ஆண்டு வட்டிக்கு 24 மாதத் தவணையில் பெறுவதாகக் கொள்வோம். முழுத் தொகைக்கும் இறுதிவரை வட்டி கணித்தால் 30,000 ரூபா. மாதாமாதம் குறைந்துவரும் மீதிக்குக் கணித்தால் ஏறத்தாழ 16,400 ரூபாவே.

2018 இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசு பொறுப்பேற்க நேர்ந்தது. ஒரு கடனின் தவணையைக் கட்ட இன்னொரு கடன் வாங்கியே பலர் மீளாத சுமைக்குள் வீழ்ந்தனர்.

ஆகவே, வருமானம் மிகக் குறைந்த மாதத்திலும் எவ்வளவு கட்ட முடியும் என்று வீட்டார் எல்லோரும் கூடியிருந்து கணக்குப் பார்ப்போம். அதற்கு மேற்பட்ட கடன் வேண்டாம். இம்மாரிக்குக் கூரையைச் செய்வோம். மிச்சத்துக்குச் சீட்டுக் கட்டுவோம்.